இது யார் கூற்று?

ஜேம்ஸ் ஜாய்ஸின் 'டப்ளினர்ஸ்' சிறுகதைத் தொகுப்பு 1914இல் வெளிவந்தது. அதன் கடைசிக் கதை 'தி டெட்'. டப்ளின் நகரில் ஒரு வீட்டில் ஆண்டுதோறும் நடக்கும் விருந்து. வேலைக்காரப் பெண் லில்லி வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு கணம் நிற்க நேரமில்லை என்பதைக் கால்களைப் பற்றிய ஓர் ஆங்கில மரபுத்தொடரால் முதல் வாக்கியம் சொல்கிறது. கூடவே 'லிட்டரலி' என்ற சொல்லும் வருகிறது. 'நேர்ப்பொருளிலேயே' என்பது அதற்கு அகராதி தரும் பொருள்.

ஆங்கிலம் கற்றுக்கொண்டு படிக்கும் வாசகர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார். மரபுத்தொடர் என்றால் அதற்கு நேர்ப்பொருள் கிடையாது. நேர்ப்பொருள் இருந்தால் அது மரபுத்தொடர் ஆகாது. அகராதியில் தேடினால் தனித்தனியாக இரண்டுக்கும் பொருள் கிடைக்கிறது. சேர்ந்து நிற்கும்போது மட்டும் பொருந்த மறுக்கிறது. ஜாய்ஸ் போன்ற எழுத்தாளர் முதல் வாக்கியத்திலேயே பிழை விட்டிருப்பாரா?

அந்தச் சொல் லில்லியுடையது. அன்றைக்குத் தான் பட்ட பாட்டை அவள் யாரிடமாவது சொன்னால் இப்படித்தான் மிகைப்படுத்திச் சொல்வாள். கதை படர்க்கையில் நடக்கிறது. சொல் மட்டும் அவள் வாயிலிருந்து வருகிறது. மேற்கோள்குறி இல்லை. 'என்று அவள் நினைத்தாள்' என்ற அறிவிப்பும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் தொடங்கி 1930கள் வரை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட புதுவகைப் புனைகதையை நவீனத்துவப் புனைகதை என்கிறோம். ஜோசப் கான்ராட், ஜாய்ஸ், வர்ஜீனியா வுல்ஃப், வில்லியம் ஃபாக்னர் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். இவர்களைப் படிக்கும்போது நம்மைத் தடுத்து நிறுத்தும் தொடர்களில் பெரும்பகுதி சொல் தெரியாததால் வரும் சிக்கல் அன்று. எல்லாச் சொல்லும் தெரிந்திருக்கும். தொடர் மட்டும் புரியாது. காரணம், அந்தத் தொடரை யார் சொல்கிறார் என்பது நமக்குப் பிடிபடவில்லை.

தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வி புதிதன்று. சங்க அகப்பாடல் ஒன்றைத் திறந்தால் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று ஒரு குறிப்பு இருக்கும். பாடலுக்குள் அந்தத் தகவல் பெரும்பாலும் இராது. யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறார் என்பதைப் பின்னால் வந்தவர்கள் குறித்து வைத்தார்கள். குறிப்பை மறைத்துவிட்டுப் பாடலைப் படித்துப் பாருங்கள். தெரிந்த சொற்களே தடுமாற வைக்கும். நவீனத்துவ நாவலில் அந்தக் குறிப்பு எழுதப்படவில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் அதை வாசகரே எழுதிக்கொள்ள வேண்டும்.

எப்படி எழுதுவது என்பதற்குப் பள்ளி இலக்கணத்திலிருந்தே தொடங்கலாம். ஒருவர் பேசியதையோ நினைத்ததையோ சொல்ல நேர்க்கூற்று, அயற்கூற்று என்று இரண்டு வழிகள் படித்திருக்கிறோம். ஒரு பெண் சன்னலோரம் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'நாளைக்கு அவன் வருகிறான். இந்த வீட்டை எப்படித்தான் ஒழுங்குபடுத்தப் போகிறேனோ!' என்று நினைத்தாள். இது நேர்க்கூற்று. மறுநாள் அவன் வருவதாகவும், வீட்டை ஒழுங்குபடுத்தும் வழி தெரியவில்லை என்றும் அவள் நினைத்தாள். இது அயற்கூற்று.

ஆங்கிலத்தில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதை அப்படியே தமிழில் வைத்தால் இப்படி இருக்கும்: அவள் சன்னலோரம் நின்றாள். நாளைக்கு அவன் வந்துகொண்டிருந்தான். இந்த வீட்டை எப்படித்தான் ஒழுங்குபடுத்தப் போகிறாளோ!

'நாளைக்கு வந்துகொண்டிருந்தான்' என்பது நம் காதில் பிழையாக ஒலிக்கிறது. ஆங்கிலக் கதையில் அது ஒழுங்கான வாக்கியம். இறந்தகாலமும் படர்க்கையும் கதைசொல்லிக்கு உரியவை. 'நாளைக்கு', 'இந்த', வியப்பு, அங்கலாய்ப்பு எல்லாம் அந்தப் பெண்ணுக்கு உரியவை. ஒரே வாக்கியத்தில் இரண்டு பேர். இதற்கு சுவிட்சர்லாந்து மொழியியலாளர் சார்ல் பாய் 1912இல் பிரெஞ்சில் ஒரு பெயர் வைத்தார். அதைத் தமிழில் 'கட்டற்ற அயற்கூற்று' எனலாம். 'என்று நினைத்தாள்' என்ற கட்டு அவிழ்க்கப்பட்ட அயற்கூற்று என்று பொருள். ஜேன் ஆஸ்டின் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதைக் கையாண்டவர். நவீனத்துவர்கள் இதையே நாவலின் அன்றாட நடையாக்கினார்கள்.

நமக்கு இது கடினமாக இருப்பதற்கு நம் மொழியிலேயே ஒரு காரணம் இருக்கிறது. தமிழில் 'என்று' வந்து பேச்சும் நினைப்பும் எங்கே முடிகின்றன என்று கோடு போட்டுக் காட்டிவிடும். அந்தக் கோட்டுக்குப் பழகிய கண், கோடு இல்லாத இடத்தில் எல்லாவற்றையும் ஆசிரியர் கூற்றாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒரு பாத்திரத்தின் தவறான கணிப்பை உண்மையென்று நம்பிவிடுகிறோம். ஒரு பாத்திரத்தின் சிறுமையை ஆசிரியரின் கருத்தென்று எண்ணிக் கோபப்படுகிறோம்.

கோடு இல்லாவிட்டாலும் அடையாளங்கள் உண்டு. இறந்தகால வினையோடு 'இப்போது', 'நாளை', 'இங்கே' போன்ற சொற்கள் வந்தால் அங்கே ஒரு மனம் பேசுகிறது. கேட்பவர் யாரென்று தெரியாத கேள்வியும், யாரும் எழுப்பாத வியப்புக்குறியும் அப்படியே. எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம், கதைசொல்லியின் நடைக்குப் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும் சொல். 'இது இங்கே ஏன் வந்தது?' என்று ஒரு சொல் உங்களைக் கேட்க வைத்தால், அது வேறொருவர் சொல்லாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களும் இதில் வழுக்கியிருக்கிறார்கள். ஜாய்ஸின் 'எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் அஸ் எ யங் மேன்' நாவலில் சார்ல்ஸ் என்ற முதியவர் வருகிறார். அவர் புகைக்கும் புகையிலையின் நெடி தாங்காமல், தோட்டத்துக் கொட்டகையில் போய்ப் புகைக்கும்படி வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். அவர் அங்கே போவதைச் சொல்ல ஜாய்ஸ் ஒரு பகட்டான வினைச்சொல்லைப் போடுகிறார். 'எழுந்தருளினார்' என்பது போன்ற சொல். எழுத்தாளர் விண்டம் லூயிஸ் 1927இல் இதை மட்டமான நடை என்று குறை சொன்னார். பிறகு ஹ்யூ கென்னர் என்ற விமர்சகர் 1978இல் வந்த தம் நூலில் இதற்கு விளக்கம் தந்தார். தாம் போவதைப் பற்றிச் சார்ல்ஸ் தாமே சொல்ல நேர்ந்தால் அந்தப் பகட்டுச் சொல்லைத்தான் தேர்ந்தெடுப்பார். கதை அவர் பக்கம் நெருங்கும்போது கதையின் சொற்களும் அவருடையவை ஆகிவிடுகின்றன. இதைக் கென்னர் 'சார்ல்ஸ் மாமா விதி' என்றே அழைத்தார். லில்லியின் 'லிட்டரலி'யும் அவர் காட்டிய சான்றுதான். தேர்ந்த எழுத்தாளர் ஒருவர் கண்ணுக்கே தப்பியது இரண்டாம் மொழியாகக் கற்றவர் கண்ணுக்குத் தப்புவதில் வியப்பில்லை.

யார் என்பதற்கு அடுத்த கேள்வி எப்போது என்பது. வுல்ஃபின் 'மிஸஸ் டாலோவே' 1925இல் வந்தது. லண்டனில் 1923ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரே நாளில் நடக்கும் கதை. தொடக்கத்தில் கிளாரிசா டாலோவே அன்றிரவு விருந்துக்குப் பூ வாங்கக் கிளம்புகிறாள். வீட்டில் கதவுகளைக் கீலிலிருந்து கழற்ற ஆட்கள் வரவிருக்கிறார்கள். அடுத்த சில வரிகளில் கீல் கிறீச்சிடுகிறது, கதவு திறக்கிறது, அவளுக்கு வயது பதினெட்டு. முப்பது ஆண்டுக்கும் மேலான தாவல் ஒரு கீலின் ஒலியில் நடந்துவிடுகிறது. தொடர் புரியாமல் நிற்பவர்கள் பலர், உண்மையில் இன்னும் லண்டன் வீட்டிலேயே நிற்கிறார்கள். சொல் எதுவும் கடினமில்லை. காலம் மாறியது தெரியவில்லை. இந்தத் தாவல்கள் பெரும்பாலும் ஒலி, மணம், தொடுகை ஆகியவற்றில் நிகழும். எனவே குழப்பம் வந்தால் மூன்று நான்கு வரி பின்னால் சென்று, கடைசியாகக் கேட்ட ஒலி எது, தொட்ட பொருள் எது என்று பார்க்கலாம்.

மனத்தின் இந்த ஓட்டத்தை நாம் 'நனவோடை' என்கிறோம். வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் நூல் இதற்கான ஆங்கிலச் சொல்லைப் பரப்பியது. 1918இல் மே சின்கிளேர், டாரதி ரிச்சர்ட்சனின் நாவல்களைப் பற்றி எழுதியபோது அதை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தார். 1922இல் வந்த ஜாய்ஸின் 'யுலிசஸ்' இதன் எல்லை வரை சென்றது. அதன் நாயகன் லியோபோல்ட் புளூமின் எண்ணங்கள் பாதி வாக்கியங்களாக வருகின்றன. எழுவாயை உதிர்த்துவிட்டு நேராக வினையில் தொடங்குவான்.

இந்த இடத்தில் தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. எழுவாயை விட்டுப் பேசுவது நமக்கு இயல்பு. 'வந்தேன்', 'வந்தாள்' என்று வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடும். அதனால் புளூமின் வாக்கியத்தில் ஏதோ குறைகிறது என்பதே நம் கவனத்துக்கு வராமல் போகலாம். ஆங்கிலத்தின் இறந்தகால வினையில் ஆளும் இல்லை, பாலும் இல்லை. எழுவாய் உதிர்ந்தால், போனவன் புளூமா அவன் எதிரே கண்டவனா என்று வினை சொல்லாது. மேலும், எழுவாய் உதிர்ந்திருப்பதே அங்கே ஒரு செய்தி: கதைசொல்லி விலகிவிட்டார், புளூம் தனக்குள் பேசத் தொடங்கிவிட்டான். அவன் மனைவி மோலியின் இறுதி அத்தியாயத்தில் நிறுத்தக்குறிகள் அநேகமாக இல்லை. ஆனால் என்னைக் கேட்டால் அங்கே உண்மையான தடை நிறுத்தக்குறி அன்று, 'ஹி' என்ற படர்க்கைச் சொல். அவள் கணவன், காதலன், இளமையில் முத்தமிட்டவன் எல்லோருக்கும் அந்த ஒரே சொல்தான். ஒருவனிலிருந்து இன்னொருவனுக்கு அவள் மனம் சொல்லாமல் தாவுகிறது.

யார், எப்போது என்ற இரண்டும் தெரிந்த பிறகும் புரியாத தொடர்கள் சில இருக்கும். அவற்றில் ஒருவகை, பாத்திரத்துக்கே இன்னும் புரியாததைச் சொல்பவை. கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' கதையில் மார்லோ காங்கோ ஆற்றில் நீராவிப் படகைச் செலுத்துகிறான். திடீரென்று சின்னச் சின்னக் குச்சிகள் காற்றில் பறக்கின்றன. குச்சிகள் ஏன் பறக்கின்றன என்று வாசகர் அகராதியைத் திறக்கிறார். சற்றுப் பிறகுதான் மார்லோவுக்கே அவை அம்புகள் என்று உறைக்கிறது. கண்ணில் பட்டது முதலில், அதன் பொருள் பிறகு. இயான் வாட் என்ற அறிஞர் இதற்குப் பெயரிட்டு விளக்கினார். 'தாமதப் புரிதல்' என்று சொல்லலாம். இத்தகைய இடத்தில் புரியாமல் இருப்பதே சரியான வாசிப்பு. பாத்திரம் குழம்பும்போது நாமும் குழம்ப வேண்டும் என்பதற்காகவே தொடர் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. இதை எழுதிய கான்ராடும் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டவர்தான்; அது அவருக்கு மூன்றாம் மொழி. போலிஷும் பிரெஞ்சும் அதற்கு முன்பே தெரியும். இருபது வயதை ஒட்டி ஆங்கிலக் கப்பல்களில் சேர்ந்த பிறகுதான் அதைக் கற்றார்.

ஃபாக்னரின் 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி' (1929) இந்தத் தாமதப் புரிதலையே நீட்டிக் காட்டுகிறது. அறிவு வளர்ச்சி குன்றிய பெஞ்சி வேலிக்கு அப்பால் கோல்ஃப் ஆடுவதைப் பார்க்கிறான். அவனிடம் அந்த ஆட்டத்துக்குச் சொல் இல்லை. எனவே வாசகருக்கும் கிடைப்பதில்லை. ஆட்டக்காரர்கள் மட்டை சுமக்கும் 'கேடி'யை அழைக்கும்போதெல்லாம் அவன் தன் அக்கா கேடியின் பெயரைக் கேட்டு அழுகிறான்.

இனி, மிகச் சிக்கலான ஒரே ஒரு வாக்கியத்தைப் பொறுமையாகப் பார்க்கலாம். வுல்ஃபின் 'டு தி லைட்ஹவுஸ்' 1927 மே 5 அன்று வெளிவந்தது. நாவலின் நடுப்பகுதியில் பத்து ஆண்டுகள் கடந்துபோகின்றன. யாருமில்லாத வீடு, காற்று, ஈரம், தூசி ஆகியவற்றைப் பற்றியே பக்கங்கள் நகர்கின்றன. இடையிடையே சதுர அடைப்புக்குறிக்குள் ஓரிரு வாக்கியங்கள். அடைப்புக்குறி என்றால் உபரித் தகவல் என்று பழகியவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டினால் நாவலின் மையமான திருமதி ராம்சே இறந்துபோனது தெரியாது. அவள் மகள் ப்ரூவின் மரணமும் மகன் ஆண்ட்ரூவின் மரணமும் அப்படி அடைப்புக்குறிக்குள்தான் வருகின்றன.

திருமதி ராம்சேயின் மரணத்தைச் சொல்லும் வாக்கியத்தின் அமைப்பு இது. ஒரு விடியலில் அவள் கணவர் நடைவழியில் தடுமாறிச் செல்கிறார், கைகளை நீட்டுகிறார். பிறகு 'ஆனால்' என்ற இணைப்புச்சொல். பிறகு முந்தைய இரவு மனைவி இறந்துவிட்ட செய்தி, அதுவும் ஒரு துணைத் தொடராக. பிறகு மறுபடியும் கைகளை நீட்டினார் என்ற அதே செய்தி. கடைசியில் மிகச் சிறிய வாக்கியம் ஒன்று, அந்தக் கைகளுக்குள் யாரும் வரவில்லை என்று தெரிவிக்கிறது.

துணைத் தொடரில் நமக்குக் கடினம் இருக்கக் கூடாது. 'மழை பெய்ய, பயிர் விளைந்தது' என்பதில் எச்சத்துக்கு ஓர் எழுவாயும் முற்றுக்கு வேறோர் எழுவாயும் இருக்கின்றன. ஆங்கிலத் தொடரும் அதே வார்ப்புதான்: அவள் இறந்துவிட்டிருக்க, அவர் நீட்டினார். உறுத்துவது 'ஆனால்'. நீட்டினார், ஆனால் நீட்டினார் என்பதில் எதிர்மறை எங்கே? தன் ஆங்கில அறிவையே சந்தேகிக்கும் வாசகர் இங்கே இன்னொரு செய்தியைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்த நாவல் லண்டனிலும் நியூயார்க்கிலும் ஒரே நாளில் வெளிவந்தது. இரண்டுக்குமான அச்சுப்படிகளை வுல்ஃப் தனித்தனியாகத் திருத்தினார். திருத்தங்கள் ஒன்றாக இல்லை. மேலே சொன்னது லண்டன் பதிப்பின் வாக்கியம். நியூயார்க் பதிப்பில் கை நீட்டியதை முழு வினையாக ஒருமுறைதான் சொல்கிறார். 'ஆனால்' என்பதற்குப் பின் கைகள் வெறுமையாக இருந்த செய்தி வருகிறது. இலக்கணம் நேராகிவிடுகிறது.

ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் மரபில் நாம் பாடபேதம் என்பது இதைத்தான். ஒரு வாக்கியம் உடைந்திருப்பதாகத் தோன்றினால் வேறு பதிப்பில் அது எப்படி இருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ள பழக்கம். எந்தப் பாடம் மேல் என்பதில் கருத்து வேறுபடலாம். எனக்கு லண்டன் பாடம் பிடிக்கும். முதல்முறை அவர் கை நீட்டும்போது அவள் இறந்தது நமக்குத் தெரியாது. இரண்டாம் முறை அதே சொற்களைப் படிக்கும்போது தெரிந்துவிட்டது. செயல் ஒன்றே, இடையில் நாம் மாறிவிட்டோம். அந்தப் பொருந்தாத 'ஆனால்' இல்லாமல் இது நடக்காது.

வட்டார ஆங்கிலம் தரும் தடையும் உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அயர்லாந்தின் ஆங்கிலத்தில் 'ஆஃப்டர்' என்ற சொல்லோடு வினை சேர்ந்து வந்தால், அந்தச் செயல் இப்போதுதான் முடிந்தது என்று பொருள். அயர்லாந்து மொழியின் வாக்கிய அமைப்பு ஆங்கிலத்துக்குள் வந்து தங்கியது இது. இதை அறியாதவர், யாரோ எதையோ தேடிப் போகிறார் என்று படித்துவிடுவார். இங்கும் முதலில் கேட்க வேண்டியது, பேசுபவர் எந்த ஊர்க்காரர் என்பதே.

சில தொடர்களுக்கு விளக்கம் அதே பக்கத்தில் இராது. 'யுலிசஸ்' நாவலில் ஒருவன் புளூமின் கையிலிருக்கும் செய்தித்தாளில் குதிரைப்பந்தயச் செய்தி பார்க்க விரும்புகிறான். தூக்கியெறியத்தான் இருந்தேன், நீயே வைத்துக்கொள் என்ற பொருளில் புளூம் பதில் சொல்கிறான். மற்றவன் எதையோ புரிந்துகொண்டவன்போல் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விரைகிறான். ஏன் என்று அந்தப் பக்கத்தில் விளங்காது. அன்றைய பந்தயத்தில் 'த்ரோஅவே' என்று ஒரு குதிரை ஓடியது. தூக்கியெறிவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அதன் பெயர். புளூம் சூசகமாகத் துப்புக் கொடுத்ததாக அவன் எண்ணிக்கொண்டான். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கழித்து ஒரு மதுக்கடையில் இந்தத் தவறான புரிதலால் புளூமுக்கு வசை விழுகிறது. 1904 ஜூன் 16 அன்று அந்தப் பெயருள்ள குதிரை ஆஸ்கட் தங்கக் கோப்பையை 20க்கு 1 என்ற பந்தய விகிதத்தில் உண்மையாகவே வென்றது. முதல் வாசிப்பில் இதைக் கண்டுபிடிக்காதது குறையன்று. புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே செல்வது, அகராதியோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டுவதைவிடப் பயன் தரும்.

எவருக்கும் தீராத தொடர்களும் உண்டு. அதே நாவலில் டெனிஸ் பிரீன் என்பவருக்கு யாரோ ஓர் அஞ்சலட்டை அனுப்புகிறார்கள். அதில் 'யூ.பி.' என்று இரண்டே எழுத்துகள். அவர் கொதித்தெழுந்து 10,000 பவுண்டு கேட்டு அவதூறு வழக்குப் போடக் கிளம்புகிறார். அதில் என்ன அவமானம் இருந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒன்றும் முடிவாக ஏற்கப்படவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் தாய்மொழி வாசகரும் கற்றுவந்த வாசகரும் ஒரே படியில்தான் நிற்கிறார்கள்.

டான் கிஃபோர்டு தொகுத்த 'யுலிசஸ் அனோட்டேட்டட்' போன்ற உரைநூல்கள் தெருப்பெயர், பாட்டு, அரசியல், திருச்சபை வழக்கம் எல்லாவற்றுக்கும் குறிப்புத் தருகின்றன. அவை மதிப்புள்ளவை. ஆனால் அந்தக் குறிப்புகள் பெரும்பாலும் பொருளைச் சொல்லுமே தவிரக் குரலைச் சொல்வதில்லை. எனவே ஓர் அத்தியாயத்தை உரையில்லாமல் ஒருமுறை படித்துவிட்டு அதன்பின் உரையைத் திறப்பது நல்லது என்பது என் எண்ணம். உரக்கப் படிப்பதும், ஒலிநூலாகக் கேட்பதும் குரல் மாறும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு 'டப்ளினர்ஸ்' ஏற்றது. கதைகள் சிறியவை, வாக்கியங்கள் நேரானவை. குரல் கலப்பை மட்டும் பழகிக்கொள்ளலாம். அடுத்து 'மிஸஸ் டாலோவே', அதன்பின் 'டு தி லைட்ஹவுஸ்'. 'யுலிசஸ்' பிறகு வரட்டும். அதையும் புளூம் காலை உணவு தயாரிக்கும் நான்காம் அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம். முதல் அத்தியாயமும் நான்காம் அத்தியாயமும் ஒரே காலை எட்டு மணிக்குத்தான் தொடங்குகின்றன என்பதால், விட்டுவைத்த மூன்று அத்தியாயங்களுக்குப் பிறகு திரும்பி வருவதில் கதை குழம்பாது.